சாக்குக் கழிக்காத எடை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
நவம்பர் 9, ஞாயிறு.

அன்புள்ள இராமர் மச்சானுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன் சாந்தகுமார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், இராமலெட்சுமி என்னைவிடச் சுகம். நானுஓயாக் குளிரில் உங்கள் உடம்பு எப்படி என்று போனில் கேட்டால் உடனே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதை அப்படி வைக்க முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை இருந்தால் சிரியுங்கள், ஆனால் கடைசி வரிவரை வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

உங்கள் பெண்சாதி ஜீவராணி அக்கா போன மாதம் போன் எடுத்துச் சொன்னார். தங்கச்சி கிட்னி எனக்கு வேணாம், அதுக்கு மனசில்லாம இருக்கையில நான் ஏன் கேக்கணும், கிழமைக்கு மூணு நாள் மெசின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போறேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். நான் பக்கத்தில் நின்ற லெட்சுமிக்கு அதைச் சொல்லவில்லை. விலை கேட்டுத்தான் அக்கா எடுத்தார், அங்கே கரட் விலை குறைந்துவிட்டதாம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குச் சோறு இறங்காத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

மச்சான், பொங்கலுக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நீங்கள் பேக்கோடு ரயிலில் வந்து இறங்கினீர்கள். ஆஸ்பத்திரியில் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று சொன்னோம். மறுநாள் அதே பேக்கோடு திரும்பிப் போனீர்கள். ஆஸ்பத்திரி தள்ளிப்போடவில்லை. தங்கச்சி பயந்து பின்வாங்கவும் இல்லை. பிழை என் தராசில்.

போன வருஷம் ஒக்டோபரில் டொக்டர் சொன்னது ஒரே விஷயம். இரத்தம், பொருத்தம் எல்லாம் சரி, ஆனால் எடை எண்பத்துமூன்று, எழுபதுக்குக் கீழே வராமல் கத்தி வைக்க மாட்டேன். வெளியே வந்ததும் லெட்சுமி, பதிமூணு கிலோ தானே, பொங்கலுக்குள்ள எறக்கிருவேன் என்றாள். நான் இருபத்திரண்டு வருஷமாகப் புறக்கோட்டை வெங்காயக் கடையில் எடை போடுகிறவன். பதிமூன்று கிலோ என்றால் இருபத்தைந்து கிலோ பம்பாய் வெங்காய மூட்டையில் பாதிக்கும் மேலே என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஓம் என்றேன். அன்றைக்கே உங்களுக்குப் போன் போட்டு, பேக்கைக் கட்டுங்கள் என்றதும் நான்தான். நீங்கள் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் தங்கச்சி சந்தோஷத்தில் முதல் வேலையாக ரெண்டு அளவு சின்னதாகச் சட்டை தைக்கக் கொடுத்தாள். ஐந்து நாள் கொள்ளுத் தண்ணீர் மட்டும். ஆறாம் நாள் பரோட்டா எத்தனை என்று நான் எழுத மாட்டேன், அவளும் இந்தக் கடிதத்தைப் பார்ப்பாள். ஒருநாள் கொட்டாஞ்சேனையில் இருந்து காலிமுகத்திடல்வரை நடந்து, நடந்தே திரும்பி, உள்ளங்காலில் கொப்புளம் போட்டு நாலு நாள் படுத்தாள். அவளுடைய இடியப்ப வேலை உங்களுக்குத் தெரியும். விடிய முன்னம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். முதல் தட்டு வெந்ததா என்று பார்க்க அவள் தின்னுவாள். நாலு இடியப்பம், கொஞ்சம் சம்பல். கேட்டால், அது பதம் பாக்கிறது, சாப்பாடு இல்ல என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. சாவி என் கையில். மூட்டை நிறுக்கிற தராசில் அவளை ஏற்றுவேன். எங்கள் தொழிலில் மூட்டைக்கு இவ்வளவு என்று சாக்கின் எடையைக் கழித்துத்தான் எழுதுவோம். அந்தக் கைப்பழக்கத்தில் முதல் வாரம் சேலைக்கு அரைக் கிலோ கழித்தேன். அது நியாயம். அடுத்த வாரம் முள்ளு அசையவே இல்லை, அவள் முகம் வாடியது. தலை ஈரம் என்று ஒரு கிலோ கழித்தேன். பிறகு வளையல், கொண்டை, குடித்துவிட்டு வந்த பிளேன்டீ. முள்ளு எவ்வளவு இறங்காமல் நின்றதோ அவ்வளவையும் நான் கழித்தேன். வீட்டுச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் எழுதி எழுதி, பொங்கல் கிட்ட அறுபத்தொன்பது வந்தது. ஊரில் யாருக்கும் நூறு கிராம் பிழையாக நிறுக்காத கை, மச்சான். சொந்தப் பெண்சாதிக்குக் கள்ள எடை போட்டது.

நீங்கள் வந்த அன்று காலை ஆஸ்பத்திரித் தராசில் எண்பது தசம் நாலு. நான் அங்கே எடை பார்த்த நர்ஸ், நேசம் மிஸ்ஸிடம், உங்க தராசு சரியா என்று கேட்டேன். நீங்க என்ன வேலை என்று மிஸ் கேட்டார். தராசு வேலை என்றேன். அப்ப உங்களுக்குத் தெரியும்தானே என்று சொல்லிவிட்டு எழுதினார். உங்களிடம் வந்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லெட்சுமி சொல்லத்தான் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு பொய்யைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே, அது பயம் இல்லை. என் பொய்க்குப் பட்ட வெட்கம்.

நீங்கள் ரயில் ஏறிய பிறகு வந்த ஞாயிறு அவளே என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்னைக்கு என்னைய வெங்காயமா நினைச்சு நிறுங்க, புருஷனா நிறுக்காதீங்க என்றாள். எண்பத்தொன்று. சுவரில் இருந்த பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதை எழுதினாள். பக்கத்தில் சேலையோடு என்றும் எழுதினாள். பிறகு நேசம் மிஸ்ஸிடம் போனோம். எவ்வளவு குறைப்பீங்க என்று மிஸ் கேட்கவே இல்லை. எந்தெந்த நாள் வழுக்குவீங்க, அதைச் சொல்லுங்க என்றார். லெட்சுமி யோசித்து யோசித்துச் சொல்ல நான் எழுதினேன். சித்திரை வருஷப்பிறப்பு. அடுத்த வீட்டு லுத்பியா பெருநாளுக்குக் கொடுத்துவிடுகிற இனிப்பு வட்டிலப்பம். ஆடிவேல் திருவிழா. மழை பெய்து நடக்க முடியாத காலை. என்னோடு சண்டை போட்ட நாள். அதைச் சொல்லும்போது மிஸ் என்னைப் பார்த்தார். தினமும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். வட்டிலப்பம் வந்தால் அவளுக்கு ஒரு கரண்டி, மிச்சம் எனக்கு. மழையென்றால் மேல்மாடிப் படியில் ஏறி இறங்குவது. பதம் பார்க்கிற இடியப்பம் ஒன்று, அதுவும் காலைச் சாப்பாட்டுக் கணக்கில். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது. கடைசியில் சொன்னது மட்டும் நாலு நாள்தான் நடந்தது. வட்டிலப்பத்தில் என் பங்கை மட்டும் நான் சரியாகச் செய்தேன், அதனால் நான் நாலு கிலோ ஏறிவிட்டேன். என்னிடம் யாரும் கிட்னி கேட்காதீர்கள், இப்போது நான் எடுபட மாட்டேன்.

சில வாரம் கால் கிலோ. சில வாரம் ஒன்றுமில்லை. சித்திரையில் ஒரு கிலோ ஏறியது. முந்தியென்றால் நான் கழித்திருப்பேன். ஏறியதை ஏறியது என்றே எழுதினாள், மறுநாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஜூலையில் டொக்டரிடம் போனோம். எழுபத்தைந்து. எப்ப முடியும் என்று டொக்டர் கேட்டார். என் நாக்கு அடுத்த மாதம் என்று துடித்தது. லெட்சுமி என் கையைக் கிள்ளிவிட்டு, நவம்பர் ஆகும் டொக்டர், அதுக்கு முன்னால சொன்னா அது பொய் என்றாள். அந்த டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் தங்கச்சி எட்டாம் வகுப்புத்தான் படித்தவள். அன்றைக்கு அந்த அறையில் அவளுக்குத்தான் எல்லாரையும்விடப் படிப்பு இருந்தது.

இந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் அறுபத்தொன்பது தசம் ஆறு. மிஸ் ரெண்டு தரம் ஏற்றிப் பார்த்தார். ரெண்டு தரமும் அதே. நான் இந்த முறை தராசு சரியா என்று கேட்கவில்லை. வெளியே வந்து அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். நேற்று எங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரையும் கூட்டி, அரை மூட்டை வெங்காயத்தைக் காட்டி, இதுக்கு மேலே என் பெண்சாதி இறக்கி வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். ஒருத்தன், அய்யே, அதை நீங்க எடுத்துப் போட்டுக்கிட்டீங்க போல என்றான். சொல்லட்டும். அந்தச் சின்னச் சட்டை இப்போது அவளுக்குச் சரி.

டொக்டர் கையெழுத்து வைத்துவிட்டார். இனி உங்கள் கையெழுத்துத்தான் வேண்டும். இருபத்துநாலாம் திகதி திங்கட்கிழமை கிளினிக். மெசின் வேலையை அந்தக் கிழமை இங்கேயே செய்து தருவார்களாம், நேசம் மிஸ் பேசிவிட்டார். அக்காவையும் கூட்டிக்கொண்டு முதல்நாள் ஞாயிறு காலை ரயிலில் ஏறுங்கள். கோட்டை ஸ்டேஷனில் நான் நிற்பேன். லெட்சுமி கேட்டால் பேக் கட்டிவிட்டதாகச் சொல்லாதீர்கள். ரயில் ஏறிய பிறகு சொல்லுங்கள். கட்டின பேக்கை அவள் இனி நம்ப மாட்டாள்.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது தலை ஈரத்துக்குக் கழித்த எடை. எனக்குப் பயம் இருக்கிறது, மச்சான். கத்தி வைக்கப்போவது என் லெட்சுமி உடம்பில். இருந்தும் எழுதுகிறேன், வாங்க. அவள் ஒரு வருஷம் ஒவ்வொரு காலையும் உங்களுக்காக இறங்கி நடந்தவள். அவளிடம் வேணாம் என்று சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

முருகன் உங்கள் ரெண்டு பேரையும் ஒரே நாளில் எழுப்பி உட்கார வைக்கட்டும். நான் ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியால் பெருமைப்படுகிற,
சாந்தகுமார்