ஃபுமியேவின் செல்கள்

சகாத்தா,
8 ஜூன் 2015

மதிப்புக்குரிய டாக்டர் மிக்காமி அம்மாவுக்கு,

மழை பிடிக்கும் முன் ஊர் வந்து சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தின் நினைவு நாளில் இந்த ஆண்டும் எனக்கு முன்வரிசையில் இடம் தந்தீர்கள். சோதனைக்கு உயிர்விட்ட எலிகளுக்கும் முயல்களுக்கும் எல்லோரும் பூ வைத்துத் தலைகுனியும்போது, எனக்கு மட்டும் மனைவியைப் பார்க்க வந்த சந்தோஷம்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஃபுமியே இறந்தபோது அவள் வயிற்றுக் கட்டியிலிருந்து எடுத்து நீங்கள் வளர்க்கும் செல்களை, ஒவ்வொரு ஜூனிலும் நுண்ணோக்கியில் காட்டுகிறீர்கள். இந்த முறை நம் மகள் வீடு மாறிய செய்தியை நுண்ணோக்கியில் தெரிந்த ஃபுமியேவிடம் சொன்னேன். நீங்கள் காதில் விழாததுபோல் திரும்பி நின்றுகொண்டீர்கள்.

நேற்று முடிவெட்டும் ஒகுமுரா கேட்டான்: "ஏன்யா, நீ கிழடு தட்டிப் போயிட்டே, உன் பொண்டாட்டி மட்டும் வளந்துக்கிட்டே இருக்காளாமே? அங்கயும் உன்னைக் குறை சொல்றாளா?" "வாயை மூடிக்கிட்டு, காதை விட்டுட்டு முடியை வெட்டு"ன்னேன். கடையே சிரித்தது.

ஒரு வேண்டுகோள். எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது. என் சாம்பலோடு சேர்த்து வைக்க, அந்தச் செல்கள் ஒரு சிறு குப்பியில் கிடைக்குமா?

அன்புடன்,
நோசாக்கா தமோத்சு


சென்டாய்,
20 ஜூன் 2015

அன்புள்ள நோசாக்கா ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தின் விதிகள் செல்களை வெளியே கொடுக்க அனுமதிப்பதில்லை. வருந்துகிறேன். செல்கள் நன்றாக இருக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்காமி ரித்சுகோ


சகாத்தா,
1 ஜூலை 2015

டாக்டர் அம்மாவுக்கு,

செல்களைக் கேட்டதை மகளிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அம்மா அங்க நாலு பேரைக் காப்பாத்துற வேலையில இருக்காங்க. அவங்களைக் குழிக்குள்ள இழுத்துட்டுப் போகணுமாப்பா உங்களுக்கு?" என்றாள். அவள் சொல்வது சரி. உங்களைச் சங்கடத்தில் மாட்டிவிட்டேன் என்று வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

நோசாக்கா தமோத்சு


சென்டாய்,
9 ஜூலை 2015

நோசாக்கா ஐயாவுக்கு,

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியதை என் மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக வேலை செய்ய முடியவில்லை. வெட்கப்பட வேண்டியவள் நான்.

விதி ஒரு சாக்கு. உங்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இந்த ஆண்டு ஓர் ஆய்விதழ், கட்டுரையை வெளியிடும் முன் செல்களின் மரபணு அடையாளத்தைச் சோதித்து அனுப்பச் சொன்னது. அதுவரை நான் சோதித்ததே இல்லை. முடிவு வந்தது. அவை ஓர் ஆணின் செல்கள்.

பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். 2006 மார்ச்சில், ஒரு மாநாட்டுக்கு முந்தைய வாரம், உங்கள் மனைவியின் செல்களுக்கும், பக்கத்தில் வளர்த்த ஓர் ஆணின் செல்களுக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊட்டத் திரவம் எடுத்திருக்கிறேன். வகைக்கு ஒரு புட்டி என்பது முதல் நாளே கற்றுத்தரும் பாடம். அவசரம். மற்ற வகை வேகமாகப் பெருகக்கூடியது. அதில் ஒரு துளி போதும், சில வாரங்களில் உங்கள் மனைவியுடையதை முற்றிலும் மூடிவிடும். திடீரென்று வளர்ச்சி கூடியதைக் கவனித்தேன். சந்தேகப்படவில்லை, மகிழ்ந்தேன். "ஃபுமியே அம்மா சுறுசுறுப்பாகிவிட்டார்" என்று அந்தக் கோடையில் உங்களுக்கு எழுதியவளும் நான்தான்.

தொடக்கத்தில் உறையவைத்த குப்பிகளையும் எடுத்து முயன்றேன். ஒன்றும் உயிர் பெறவில்லை.

பதினொரு கட்டுரைகள், ஒரு விருது, என் பதவி, எல்லாம் அந்தச் செல்களின் மேல் நிற்கின்றன. நாளை காலை இயக்குநரிடம் சொல்லி, கட்டுரைகளைத் திரும்பப் பெறுவேன். முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோதனை முடிவு வந்தது ஏப்ரல் 14.

மிக்காமி ரித்சுகோ


சகாத்தா,
10 ஆகஸ்ட் 2015

டாக்டர் மிக்காமிக்கு,

முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தேன். தவறு செய்யாதவன் அங்கே யாருமில்லை. நானும் செய்திருக்கிறேன். தப்பான நெம்புகோலை இழுத்தால், அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்துச் சொல்லிவிட வேண்டும். 2006-இல் நடந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் ஏப்ரலில் உங்களுக்குத் தெரியும். ஜூனில் என் கண்ணுக்கு ஏற்றபடி நுண்ணோக்கியின் குமிழை நீங்களே திருகிச் சரிசெய்தீர்கள். "தெளிவாத் தெரியுறாங்களா ஐயா?" என்று கேட்டீர்கள். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு காலை நேரத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

அடுத்த ஆண்டு என்னை எதிர்பார்க்க வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம்.

நேற்று அவளுடைய கல்லறைக்குப் போனேன். உங்களிடம் உயிரோடு இருக்கிறாள் என்ற நினைப்பில், இத்தனை ஆண்டுகளாக அங்கே சரியாகப் போனதே இல்லை. கல்லில் பாசி ஏறி, அவள் பெயரின் கடைசி எழுத்து தெரியவில்லை. பக்கத்துக் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த பெண் நான் யாரென்று கேட்டாள். புருஷன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தெரிந்தவன் என்றேன். அவள் போகும்வரை காத்திருந்து, பிறகு பாசியைத் தேய்க்கத் தொடங்கினேன்.

நோசாக்கா தமோத்சு