பதினேழாம் எண் பிள்ளை

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று அமைச்சர் என் முழங்கையில் பசை தடவிவிட்டு, காய்ந்துவிட்டதா என்று மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். அமைச்சருக்கு மூன்றரை வயது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பைச் சுற்றிப் பார்வையிடுவதால் அந்தப் பட்டம். பசை விவகாரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "விரல் திறன்" என்பதிலா, "பிறரோடு பழகுதல்" என்பதிலா?

புதுப் படிவம் வந்திருக்கிறது. எங்கள் குழந்தை வளர்ச்சி மையத்துக்கு வாரா வாரம் வந்துபோகும் நிபுணர் அம்மா காலையில் பயிற்சி கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையையும் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. "பிள்ளைக்குக் கோபம் வந்தது" என்றால் தப்பு. "பிள்ளை பொம்மையை எறிந்தது" என்றால் சரி. பெயர் கூடாது, எண் மட்டும். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியக் கூடாதாம். அதனால் எல்லாமே "பிள்ளை செய்தது, பிள்ளை தின்றது."

"வீட்டுல யாரையாவது வச்சு ஒரு தடவை எழுதிப் பழகிக்கங்க டீச்சர்" என்றார்.

என் வீட்டில் யார் இருக்கிறார்கள், வீட்டுக்காரரைத் தவிர?

இன்னொன்று. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வெளியூரில் திறக்கப்போகிற புதுக் கிளைக்கு என்னையே பொறுப்பாளராகப் போட நினைக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும், எங்கள் மையத்தை நடத்தும் மேடத்தின் சிபாரிசுக் கையெழுத்தும் வேண்டும். பதினாறு வருடமாக நான் காத்திருந்த கடிதம். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

பழகிப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்து இருபது நிமிடம். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் பதினாறு. அதனால் இவருக்கு எண் பதினேழு. வயது எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். ஐம்பத்தொன்று என்று எழுத இடம் இருந்தது, எனக்குத்தான் மனசு வரவில்லை.

எழுதியது இதுதான்:

பிள்ளை தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தது. திருகாணிகளை அளவுவாரியாக வரிசையில் அடுக்கியது. ஒன்றைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டது. மூன்று முறை அழைத்தும் திரும்பவில்லை. ஒரு காலுறையைக் கழற்றி சோபாவுக்கு அடியில் போட்டது, இன்னொன்றைக் கழற்றவில்லை. தட்டில் பீன்ஸை மட்டும் ஒதுக்கியது. படிக்கட்டில் காலடி கேட்டபோதெல்லாம் வாசலைப் பார்த்தது, ஐந்து முறை. இருபது நிமிடத்தில் பேசிய சொற்கள் நான்கு. அதில் மூன்று "ம்."

எழுதும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. திருப்பிப் படித்தபோது இல்லை.

இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க அந்தரத்தில் தொங்கிவிட்டு வருகிறவருக்கு அலுப்பு இருக்கும்தான். ஆனால் போன ஜூனில் மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த வீட்டில் பேச்சே இல்லை. சண்டைகூட இல்லை. சண்டை போட்டால் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்குமே! நான் வெளியூர் போனால், போய்விட்டேன் என்பது இவருக்குத் தெரியவே இரண்டு நாள் ஆகும். அதனால்தான் தனியாகவே போய்விடலாம் என்று தோன்றுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பதினாறு படிவங்களையும் கிளிப் போட்டு மேடத்தின் மேஜையில் வைத்தாயிற்று. கை வலிக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஐயோ. பதினேழு போயிருக்கு. பதினாறு இல்லை, பதினேழு!

நிபுணர் அம்மா மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரே ஒரு படிவம். ஓரமெல்லாம் சிவப்பு மை. "டீச்சர், பதினாறு பிள்ளைங்களும் நல்லா இருக்காங்க. எனக்குக் கவலை புதுசா சேர்ந்த இந்தப் பதினேழுதான்."

என் கையெழுத்து. இவருடைய திருகாணி. அதன் கீழே இரண்டு கோடு போட்டு, "மூன்று வயதுப் பிள்ளை கையில் திருகாணியா? விழுங்கினால்?" என்று எழுதியிருந்தார்.

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்து, "இவங்க எழுதினா ஒரு புள்ளி தப்பா இருக்காது. அதனாலதான் புதுக் கிளைக்கு நானே இவங்க பேரைச் சொன்னேன்" என்றார். சிபாரிசுக் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை அந்த மகராசி. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"பேச்சு ரொம்பக் கம்மி. அந்தப் புள்ளைக்கு வீட்டுல யாரும் பேச்சுக் கொடுக்கறதில்லைன்னு நினைக்கறேன்" என்றார் நிபுணர் அம்மா.

பார்த்ததை மட்டும்தானே எழுத வேண்டும், நினைத்ததைச் சொல்லக் கூடாதே? எனக்குச் சுருக்கென்றது. நான் பேச்சுக் கொடுக்கவில்லையா? மூன்று முறை கூப்பிட்டேனே!

ஒரு வாரத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதைச் செய்து, மறுபடி பார்த்து எழுத வேண்டும். யாரை? எண் பதினேழைத்தான்.

பிப்ரவரி 12, புதன்

திட்டப்படி: பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார வேண்டும். "என்ன வேணும்?" என்று மொட்டையாகக் கேட்காமல் இரண்டு பொருளைக் காட்டிக் கேட்க வேண்டும்.

தரையில் போய் உட்கார்ந்தேன். முட்டி கடக்கென்றது. "டீயா, காபியா?" என்று இரண்டு டப்பாவையும் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

என்னைப் பார்த்தார். டப்பாக்களைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா?" என்றார்.

இரண்டு சொல். போன வாரத்து மொத்தக் கணக்கில் பாதி. குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பிள்ளை செய்வதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்கிறது திட்டம். வகுப்பில் தினமும் செய்வதுதான். வீட்டில் செய்ய வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

"நீங்க ஒரு பெரிய திருகாணியை எடுக்கறீங்க" என்றேன்.

நிமிர்ந்தார்.

"அதை ரெண்டாவது வரிசையில வைக்கறீங்க."

"மூணாவது."

"மூணாவது வரிசையில வைக்கறீங்க."

"ரெண்டாவது கதவுக்கு. இது பிரேக்குக்கு. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும்" என்று ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. பதினோரு நிமிடம். ஒரு லிஃப்டில் நாய் ஒன்று தனியாக ஏறி ஐந்தாம் மாடியில் இறங்கிப் போனதாம். அது எங்கே இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்ததாம். சிரிக்கவே மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். பார்வையாளர் சிரித்தால் பதிவு கெட்டுப்போகும். பதிவு கெட்டுப்போயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல டிவியை நிறுத்தப் போறோம்" என்று முன்கூட்டியே சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அவரே எழுந்து நிறுத்தினார். இருபத்திரண்டு வருடமாக ரிமோட்டுக்காக நான் கத்திய கத்தல் எல்லாம் வீண்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டாவது படிவத்தைப் பார்த்து நிபுணர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நாலு வார்த்தையிலருந்து நாய்க் கதை வரைக்கும்! இதை ஆண்டுப் பயிற்சியில எல்லாருக்கும் காட்டணும் டீச்சர்." மேடம் கைதட்டினார். அதற்கு முன்னால் பெற்றோரில் ஒருவரை அடுத்த செவ்வாய் வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

பெற்றோர்! என் மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

யோசித்து யோசித்து மண்டை காய்ந்து, கடைசியில் அவரிடமே கேட்டேன். "எங்க சென்டர்ல ஒரு பிள்ளை. பெத்தவங்க வர முடியாத நிலைமை. நீங்க வந்து அப்பான்னு சொல்லிட்டு அரை மணி உக்காந்துட்டு வரணும்."

ஏன், எதற்கு என்று கேட்பார் என்று பத்துப் பொய் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. "வெள்ளைச் சட்டையா, நீலச் சட்டையா?" என்றார். இவருக்கும் திட்டம் தொற்றிக்கொண்டதா என்ன?

பிப்ரவரி 25, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நல்லவேளை, அவரைத் தெரிந்த மேடம் இன்று தலைமை அலுவலகம் போயிருந்தார். எங்கள் அறையில் பெரியவர்கள் நாற்காலி கிடையாது. சின்னச் சிவப்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேராக. அமைச்சர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவரு புதுசா?" என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன்.

நிபுணர் அம்மா முதல் படிவத்தை வாசித்தார். ஒவ்வொரு வரியாக. நான் சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூன்று முறை அழைத்தும் திரும்பவில்லை."

"எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டார் அவர்.

நிபுணர் அம்மா படிவத்தைப் புரட்டினார். "அது எழுதலை."

"குப்பையைக் கொண்டுபோய்ப் போடக் கூப்பிட்டிருப்பாங்க. இல்லாட்டி கேஸ் சிலிண்டர் மாத்த. சும்மா கூப்பிட்டிருந்தா திரும்பியிருக்கும்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குப்பைக்குத்தான் கூப்பிட்டேன். மூன்று முறையும் குப்பைக்குத்தான்.

"படிக்கட்டில் காலடி கேட்டபோதெல்லாம் வாசலைப் பார்த்தது. இதுக்கு என்ன காரணம்னு உங்களுக்குத் தோணுது சார்?"

"அந்த நேரத்துக்கு வழக்கமா யாரோ வீட்டுக்கு வருவாங்க. இப்ப வர்றதில்லை. வரமாட்டாங்கன்னு புள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் பாக்கும்" என்றார்.

நிபுணர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நல்ல அப்பா சார்."

ஆறு மணி. மகள் டியூஷன் முடிந்து தடதடவென்று படியேறி வருகிற நேரம். பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து முறை என்று எண்ணி எழுதினேனே, என் மரமண்டைக்கு ஏன் அது உறைக்கவில்லை? எனக்கும்தானே அவள் மகள்?

வீட்டுக்கு நடந்து வரும்போது மருந்துக்கடை வந்தது. அங்கே நின்றார்.

"அந்தப் புள்ளை நான்தானே?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"காலுறையிலேயே தெரிஞ்சுது."

மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று ஏதேதோ உளறினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "டீ டப்பாவுக்குப் பின்னாடி இருக்கற லெட்டரை எப்பச் சொல்றதா இருந்த?"

தெருவிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"தினமும் அதை எடுத்துப் பாக்கற. மறுபடி அங்கயே வைக்கற. நீ மட்டும்தான் பாப்பியா? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எழுதலை, அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"தனியாப் போறதுன்னுதானே நீ முடிவு பண்ணி வச்சிருக்க. நான் கேட்டு என்ன ஆகப் போகுது?"

அழுதுவிட்டேன். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், பார்க்கட்டும். "நான் கூப்பிட்டா வருவீங்களா?" என்றேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"எதுக்குக் கூப்பிடறேன்னு சொல்லு."

"எதுக்கும் இல்லை. சும்மா."

"லிஃப்ட் எல்லா ஊர்லயும் கெட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். பத்தடி போய், நான் வருகிறேனா என்று நின்று பார்த்தார்.

பிப்ரவரி 26, புதன்

நிபுணர் அம்மாவிடமும் மேடத்திடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிபாரிசு போனால் போகட்டும். பொய்யை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு புது ஊருக்குப் போக முடியாது.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். காகிதம் வெட்டும் சத்தம் வகுப்பிலிருந்து கேட்டது.

"ஐம்பத்தொரு வயசா?" என்றார் நிபுணர் அம்மா.

"மார்ச்சுல அம்பத்திரண்டு."

"அந்த அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்றது… அந்த வயசுக்கும் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்கம்மா."

அலமாரியைத் திறந்து ஒரு காலிப் படிவத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் வங்கியில் பெரிய அதிகாரி. எங்கள் மேடமோ இரண்டு எடுத்துக்கொண்டார். மருமகளுக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்றாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

பதினேழாம் எண் கோப்பு ஒரு தலைவலி ஆகிவிட்டது. ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் கிழித்துப் போட முடியாதாம். மூடுவதற்கு மூன்றே காரணங்கள் அச்சடித்திருக்கிறார்கள்: பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது, பிள்ளைக்கு வயது ஆறு நிறைந்தது, குடும்பம் வெளியூர் சென்றது.

மேடம் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "போறீங்கதானே?"

"போறோம்" என்றேன்.

மூன்றாவது காரணத்துக்கு டிக் அடித்து மூடினார். அதே பேனாவால் சிபாரிசிலும் கையெழுத்துப் போட்டார். "மறுபடி பதினேழு வராம பாத்துக்கங்க" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புது வீட்டில் மூன்றாவது வாரம். புது மையத்தில் பிள்ளைகள் இருபத்திரண்டு. அதில் ஒன்று இன்னும் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

காலையில் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க வீட்டுக்காரர் பேசறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. ஆறு மணிலருந்து. பாப்பா இப்பதான் தூங்கறா."

எனக்கு ஒரே சங்கடம். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இந்தக் கட்டடத்து லிஃப்டை எந்த முட்டாள் மாட்டினான் என்பதை ஒன்றேகால் மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்த மனுஷரிடம் போய், கீழே குழந்தை தூங்குகிறது என்றேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். பேச்சை நிறுத்தவில்லை.