செல்விக்கென்று ஒதுக்கிய ஊசி

7-7-1964, செவ்வாய்

இந்த வடநாட்டு ஆஸ்பத்திரியில் ஊசிகளைக் கொதிக்கவைக்கும் என் வேலையில் இன்று ஒரு கள்ளத்தனம் செய்தேன். மகள் செல்வி காலரா ஊசி போட்டுக்கொள்ள வருகிறாள் என்று, கூர் நன்றாயிருந்த ஒன்றைத் தனியே எடுத்து சிஸ்டரிடம் கொடுத்தேன்.

“அப்போ மத்ததெல்லாம் யாரு பெத்த பிள்ளைக்குய்யா?” என்றார்.

தட்டிலிருந்த நாற்பதையும் திரும்பப் பஞ்சில் இழுத்துப் பார்த்தேன். முனை மடங்கிய மூன்றில் பஞ்சு சிக்கியது. காலையில் அவற்றைச் சரியென்று விட்ட மகாராசன் நான்தான். மூன்றையும் சாணைக்கு ஒதுக்கி, மீதியை மறுபடி கொதிக்கவைத்தேன். வரிசையில் நின்றவர்கள் இந்தியில் திட்டியதை வாங்கிக்கொண்டேன்.

செல்விக்கு, தட்டில் கைக்கு வந்த ஊசியைத்தான் சிஸ்டர் எடுத்தார்.

“எப்பா, குத்தியாச்சு. கண்ணைத் தொறங்க” என்றாள் அவள்.