வாயால் எடுத்த தண்டால்

ஏப்ரல் 21, திங்கள்

திண்டிவனம் வட்டார மக்களுக்கு ஓர் அறிவிப்பு. கதிர் என்கிற நான், இன்று காலை அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். வதந்தி அல்ல. சாட்சி: அம்மா. நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்த்தாள்.

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. பிளஸ் டூ பரீட்சை முடிந்தது, ரிசல்ட் வரவில்லை. உட்கார முடியவில்லை. ஃபேன் சுவிட்சைப் போடுவது, அணைப்பது, மறுபடி போடுவது. அப்பா கையில் டீ டம்ளரோடு:

"சும்மா சுத்திக்கினு இருக்காத. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வேலையப் புடி. இல்லன்னா கண்டாச்சிபுரம் போ. மாமா மண்டியில மல்லாட்ட மூட்டை தூக்கு. தண்டம்."

மண்டி என்றால் நாள் முழுக்க மாமா குரல், வேர்க்கடலைத் தூசி, தும்மல். மாட்டேன்.

வழி இருக்கிறது. மே மாதம் மரக்காணம் கடற்கரையில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி முகாம். சென்னை இங்கிலீஷ் மீடியம் வாண்டுகள். உதவிக்கு ஒரே ஒரு ஆள் தேவை. பயிற்சிகளை இங்கிலீஷில் சொல்லி நடத்தத் தெரிய வேண்டும். ஞாயிறு விழுப்புரத்தில் தேர்வு. கடல், சாப்பாடு, ஒரு மாதம் அப்பா இல்லை. வேறு யார்? நான்தான்.

இன்று தண்டால் இருபது. மூச்சுகூட வாங்கவில்லை. தண்டம் என்றவர் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கிரவுண்டுக்குப் போனேன். போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு அங்கே காலையில் பயிற்சி. நடத்துவது மாலதி மாஸ்டர். பெண்தான், ஆனாலும் எல்லோருக்கும் மாஸ்டர். எல்லாக் கட்டளையும் இங்கிலீஷில்.

எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. (கட்டு அம்மாவின் பழைய புடவைக் கிழிசல். சுளுக்கு என் கற்பனை.) தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து வார்த்தை பொறுக்கினேன்.

ஸ்குவாட் – தோப்புக்கரணம், காதை மட்டும் விட்டுவிட வேண்டும். பள்ளியில் நான் வாங்கிய ஒரே பயிற்சி.
லஞ்ச் – மதியச் சாப்பாடு அல்ல. ஓடுகிற பஸ் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.
பர்ப்பி – விழு, எழு, குதி. வேகத்தடையில் மினி பஸ்.
மவுண்டன் கிளைம்பர் – பெருமுக்கல் மலையைப் படுத்துக்கொண்டே ஏறுவது.
பிளாங்க் – முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி கிடப்பது. கிடப்பதில் என்ன கஷ்டம்?
பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ் – எனக்கு இருப்பது சிப்ஸ்.

மாஸ்டரின் சட்டம் ஒன்று. வார்த்தையைச் சொல்கிறவர் முதலில் இறங்க வேண்டும். அவர் எழுந்து 'அப்' சொல்லும்வரை வரிசையில் யாரும் எழக் கூடாது. பேஜாரு பிடித்த சட்டம். நமக்கென்ன, சுளுக்கு.

ஏப்ரல் 24, வியாழன்

புழுக்கம். ரிசல்ட் பற்றி மூன்று பேர் விசாரிப்பு. மூன்று பேருக்கும் மூன்று தேதி சொன்னேன்.

கிரவுண்டில் எல்லோருக்கும் பெயர் சூட்டியாகிவிட்டது. மூச்சிரைக்கும் குமார், மினி பஸ். யாரும் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட ஊர்.

ஸ்டெல்லா வந்து தொட்டிக்குக் கீழே நின்றாள். பெருமுக்கல்காரி. சைக்கிளில் வந்து, எல்லோரையும்விட அதிகம் பர்ப்பி போட்டு, சைக்கிளிலேயே திரும்புகிறவள்.

"டேய் சுளுக்கு. அந்த வார்த்தையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடு. உடம்பு செய்யுது, வாயில வர மாட்டேங்குது."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்."

"போட்டிக்காரிக்கு வாத்தியாரா நானு?"

"பயமா இருந்தா வுட்டுடு."

பயமாம்! மினி பஸ், மலை, பஸ் படி, எல்லாவற்றையும் கொட்டினேன். மலைக்கு மட்டும் முறைத்தாள். "எங்க மலைய ஒருவாட்டி ஏறிட்டு வந்து பேசு."

முகாம் எதற்கு என்று கேட்டேன். அடுத்த வாரம் அவள் வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டப் போகிறார்களாம். "நானும் போனா பிராக்டீஸ் போச்சு. போலீஸும் போச்சு. அங்கன்னா டெய்லி ஓடிக்கினாவது இருக்கலாம்."

வீட்டுக்கு வந்து புது பனியன் துவைத்துக் காயப்போட்டேன். இரண்டு முறை போய்க் காய்ந்ததா என்று பார்த்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விழுப்புரம். பஸ்ஸில் நின்றபடி வார்த்தைப் பயிற்சி. கண்டக்டர்: "தம்பி, மந்திரம் அப்புறம் சொல்லு, ஜல்தி உள்ள போ."

தொப்பி போட்ட ஒரு மேடம், கழுத்தில் விசில். ஒவ்வொருவரும் வரிசைக்கு முன் நின்று ஒரு பயிற்சியைச் சொல்லி நடத்த வேண்டும். வரிசையில் நிற்பது மற்ற போட்டியாளர்கள். எல்லோரும் எங்கள் கிரவுண்டுதான்.

முதல் பெயர் என்னுடையது. பின்னால் கை கட்டி, நெஞ்சை நிமிர்த்தி: "பிளாங்க்! ஸ்ட்ரெயிட் பேக்! டைட் கோர்!" குரல் கணீர். மேடம் முகத்தில் சிரிப்பு. மரக்காணம் கண்ணில் தெரிந்தது.

ஒருத்தரும் இறங்கவில்லை. மறுபடி கத்தினேன். நின்றார்கள், என்னையே பார்த்தபடி.

மேடம்: "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?"

குமார்: "சொன்னவரு இன்னும் எறங்கலீங்க மேடம்."

"கால்ல சுளுக்கு மேடம்."

"நடந்துதானே வந்தே? இறங்கு."

இறங்கினேன். வரிசையும் இறங்கியது. முதலில் வயிறு நடுங்கியது, பிறகு தோள், பிறகு நான் மொத்தமும், ஓடுகிற மிக்ஸி மேல் வைத்த டம்ளர் மாதிரி. அப்புறம் மூக்கில் மண்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் எழவில்லை என்பதால் அவர்களும் எழவில்லை. நான் குப்புறக் கிடக்கிறேன், எதிரே வரிசை முழுக்க நடுங்கிக்கொண்டு பலகையாக. ஸ்டெல்லா பல்லைக் கடித்தபடி: "டேய், எழுந்து தொலடா. நீ சொன்னாத்தான் நாங்க எழ முடியும்."

"அப்." எனக்கே கேட்கவில்லை.

அடுத்து அவள். முதலில் இறங்கினாள், இறங்கியபடியே கத்தினாள்: "மவுண்டன் கிளைம்பர்! பெருமுக்கல் மலைய ஏறுங்க! இன்னும் உச்சி வரல, ஃபாஸ்ட்!" வரிசை பறந்தது. மேடமே ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா. "வார்த்தை பூரா உன்னுதுதான்டா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரும்பு லாரி ஒன்று கடந்து போனது. இரண்டு பேரும் பார்த்தோம்.

ஏப்ரல் 28, திங்கள்

கண்டாச்சிபுரம். தும்மல். மாமா: "கிரவுண்டுக்கெல்லாம் போறியாமே மாப்ள! அந்த மூட்டைய இப்படி நவுத்து." மூட்டை நகரவில்லை. நான் நகர்ந்தேன்.

ஒரு திருத்தம். 21ஆம் தேதி இருபது தண்டால் என்று எழுதியிருக்கிறேன். இருபது இல்லை. ஒன்றும் இல்லை. அலாரத்துக்கு முன் எழுந்தது நிஜம். தண்டாலுக்காகக் குப்புறப் படுத்தேன். தரை ஜில்லென்று இருந்தது. தூங்கிவிட்டேன். பிள்ளை தரையில் கிடக்கிறானே என்றுதான் அம்மா நெற்றியைத் தொட்டாள். யாரும் படிக்காத இந்த டைரியிலேயே புளுகியிருக்கிறேன்.

இன்று மாமா சாப்பிடப் போன நேரம், மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தண்டால் எடுத்தேன். முட்டியைத் தரையில் வைத்துத்தான்.