திருத்தணிக்கு ஒரு ஹாரன்

எதைச் சொன்னாலும் நம்பிய என் பாவாவுக்கு, உங்கள் மச்சினி மல்லிகா கடலுக்குப் போய்த் திரும்பி வந்து எழுதுவது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரிக்கக் கூடாது. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் கப்பலில் போய் வந்தேன் என்று சொன்னேனே, அது பொய். நான் கப்பலில் கால்கூட வைக்கவில்லை.

நடந்தது இதுதான். சென்னைத் துறைமுகத்தில் ஜனங்களுக்குக் கப்பலைக் காட்டுகிறார்கள் என்று நானும் என் வீட்டுக்காரரும் முதல் ரயிலில் போனோம். வரிசையில் பாதி தூரம் நகர்ந்திருப்போம், என் செருப்பு அறுந்தது. அதைத் தைத்துக்கொண்டு வருவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். மதிலுக்கு மேலே தெரிந்த புகைபோக்கியைப் பார்த்தோம். ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்றோம். திருத்தணி ரயில் ஏறினோம்.

உங்கள் டிபன் கடைக்குள் நுழைந்ததும் தோசைக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "இன்னா மல்லிகா, கப்பல பாத்தியா, இல்ல ரயில்லயே தூங்கிட்டு வந்துட்டியா?" மலைக்குப் போகிற கூட்டம் கடை முழுக்க உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. நான் விடுவேனா? "பாக்கறது இன்னா, நடுக்கடல் வரைக்கும் போய்ட்டு வந்துகினு இருக்கேன்" என்றேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கப்பல் சமையலுக்கு உப்பே வேண்டாம், காற்றே போட்டுவிடும் என்றேன். கரை மறைந்ததும் வெள்ளைச் சட்டை போட்ட கேப்டன் ஒவ்வொருத்தரிடமும் வந்து எந்த ஊர் என்று கேட்பார், அந்த ஊருக்காக ஒரு ஹாரன் அடிப்பார் என்றேன். "நம்ம ஊருக்கு அட்ச்சாரா?" என்றீர்கள். "திருத்தணிக்கு மட்டும் ரெண்டு" என்றேன். தோசை கருகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்குக் கப்பல்காரி என்று பேர். இட்லி கேட்டு வந்தவனுக்கெல்லாம் என்னைக் காட்டி, "ரெண்டு ஹாரன் வாங்கினவ" என்று சொன்னீர்கள். நான் கதையில் எதையாவது மாற்றிச் சொன்னால் நீங்களே திருத்தினீர்கள். இப்போது யோசித்தால் அதுதான் இடிக்கிறது. உங்களுக்கு எப்பவாவது சந்தேகம் வந்ததா பாவா? வந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களா?

ஒரு நாளாவது கடையைச் சாத்திவிட்டு வாருங்கள், கப்பலுக்கு இல்லாவிட்டாலும் மெரினாவுக்காவது போகலாம் என்று அக்கா எத்தனை முறை கூப்பிட்டாள். "மேல சாமி ஒரு நாளு சாத்தட்டும், கீழ நானும் சாத்தறேன்" என்றே காலத்தை ஓட்டினீர்கள். போன ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடிந்த வாரம்தான் படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு மறுபடி அந்தக் கதையைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்லி முடித்ததும், "ஒரு தபா போவணும், நம்ம ஊருக்கு ஹாரன் அடிக்கச் சொல்லி காதால கேக்கணும்" என்றீர்கள். மருந்து வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த அக்கா காதில் அது விழுந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அதுதான் வினையானது.

இனி நல்ல சேதி. உங்கள் மகன் குமார் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறான். அம்மாவுக்குப் புதுப் பல்செட்டு வைத்து, அவளுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் எடுத்து, எங்களை வரவழைத்து, மூன்று நாள் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டான். அதில் ஒரு முழு நாள் எந்தக் கரையையும் தொடாமல் கடலிலேயே போவது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இன்னும் என் கை பரபரக்கிறது.

பாவா, கப்பல் என்றால் அது கப்பல் இல்லை. நம் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, தாலுகா ஆபீஸ் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மிதக்க விட்டது போல இருக்கிறது. கீழே கடல், கடல் மேல் கப்பல், கப்பல் உச்சியில் ஒரு குளம். குளத்தைச் சுற்றி வடாம் காயப் போட்ட மாதிரி வெள்ளைக்காரர்கள் வெயிலில் கிடக்கிறார்கள். ஒருத்தருக்கும் ஒரு வேலையும் இல்லை. காலையில் தின்கிறார்கள், கொஞ்சம் புரள்கிறார்கள், மறுபடி தின்னப் போகிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால் ஒரு கல்லைப் போட்டு அங்கேயே தோசை ஊற்ற ஆரம்பித்திருப்பீர்கள்.

அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? நாற்காலிகள் மேல் துண்டுகள் கிடந்தன. ஒன்று விடாமல் மடித்து மூலையில் அடுக்கிவிட்டாள். இடம் பிடிக்கப் போட்ட துண்டுகளாம். கால் மணி நேரத்தில் இருபது பேர் ஈரத்தோடு வந்து நின்று திருதிருவென்று விழித்தார்கள். "நான் இன்னாடி பண்ணேன், நல்லா மட்ச்சுதான வச்சேன்" என்கிறாள்.

காலைச் சாப்பாட்டில் பொங்கல் இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்ல" என்றாள். உடனே என்னைப் பார்த்து, "ஆங், காத்துல போட்டுக்கணும் இல்ல" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். நானும் கூடப் போய் நின்றேன். சும்மா உதட்டை நக்கிப் பார்த்தேன் பாவா. நிஜமாகவே கரித்தது. அந்தப் பொய் தானாகவே பலித்துவிட்டது.

ஆனால் ஹாரன்? அக்கா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, உங்களுக்குப் பிறகு வைக்காத பூவையும் வைத்துக்கொண்டு, கம்பிப் பக்கம் போட்ட நாற்காலியில் காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு பக்கமும் கரை இல்லை. "எப்ப வருவாரு அந்த கேப்டனு?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டாள்.

துண்டு கொண்டு வந்து கொடுக்கிற ஆள் நாகப்பட்டினத்துக்காரர். அவரைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணா, கேப்டன்கிட்ட சொல்லி திருத்தணின்னு ஒரே ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, நானே அவர்ட்ட இன்னும் பேசினது கெடையாது. ஆனா டெய்லி பன்னண்டு மணிக்கு ஒண்ணு அடிப்பாங்க."

"யாருக்காவ?"

"மணி பன்னண்டுன்னு தெரியறதுக்கு."

எனக்கு உயிர் வந்தது. இது போதும், இதுதான் அந்த ஹாரன் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று துள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். அக்கா மடியில் ஒரு சீட்டு இருந்தது. கேப்டனுக்குத் தமிழ் தெரியாதே என்று குமாரிடம் இங்கிலீஷில் எழுதி வாங்கியிருக்கிறாள். மேலே திருத்தணி, கீழே உங்கள் பேர். அதைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அதைப் பார்த்த பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, கேப்டன் வர மாட்டாரு."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"நான் கப்பல்லயே ஏறலக்கா. செருப்பு அறுந்துபோச்சி, கேட்ட சாத்திட்டாங்க. எல்லாம் நானா கட்டினது."

அக்கா கடலைப் பார்த்தாள். "உப்பு?"

"அதுவும்."

"ரெண்டு ஹாரனு?"

"அதுவுந்தான்."

"அடிப்பாவி" என்றாள். சீட்டை நாலாக மடித்தாள், பிரித்தாள். எழுந்து போய்விடுவாள், இனி என்னோடு பேச மாட்டாள் என்றே நினைத்தேன். பதிமூன்று வருடம் உங்களை ஏமாற்றியவளோடு என்ன பேச்சு?

"ஆஸ்பத்திரில கடசியா நீ சொன்னப்போ நான் மருந்து வாங்கப் போய்ட்டேன். முழுசும் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாருக்கா."

"சிரிச்சாரா?"

"இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு."

"ஹாரன் எத்தினி மணிக்கு?"

"பன்னண்டுக்கு."

"எந்திரி அப்ப. கேப்டனு கேக்காட்டி இன்னா, நாம சொல்லுவோம்."

இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆடிக் கிருத்திகைக்கு மேளம் வருகிற மாதிரி. பன்னிரண்டானது. பாவா, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? காதில் கேட்கவில்லை, காலில் ஏறி வயிற்றில் கேட்டது. அது ஓய்வதற்குள் அக்கா கம்பிக்கு வெளியே எட்டி, வாயை முழுசாகத் திறந்து, "திருத்தணீ" என்று கத்தினாள். அதன் பின்னால் உங்கள் பேரையும் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாதி காற்றில் போய்விட்டது, ஆனாலும் கேட்டேன்.

கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "அரோகரா" என்றேன். குளத்துக்குள்ளிருந்து "அரோகரா" என்று பதில் வந்தது. மலேசியத் தமிழராம். தொப்பை வரைக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் எனக்கு இரண்டு விரலைக் காட்டினாள். புரிந்தது. நம் ஊருக்கு இரண்டு. கப்பல் அடித்தது ஒன்றுதான், அதனால் இரண்டாவதை நானே கையைக் குவித்து வாயால் அடித்தேன். கேட்டதா?

இனிமேல் உங்களிடம் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் பாவா, இது சத்தியம். வருகிற ஆடிக் கிருத்திகைக்குக் கடையில் நின்று, இட்லி கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையை நடந்தது நடந்தபடி சொல்லுவேன். அப்படியென்றால் இதையும் விடாமல் சொல்ல வேண்டும். அக்கா வாயைப் பொத்தியது அழுகையால் என்று நினைத்தேன். அழுகை இல்லை. கத்தியபோது மேல்வரிசைப் பல்செட்டு கடலில் விழுந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பதினெட்டு வகை வைத்திருந்தார்கள். அக்கா தயிர் சாதம் சாப்பிட்டாள்.

இப்படிக்கு,
இப்போது நிஜமாகவே கப்பல்காரியான உங்கள் மச்சினி,
மல்லிகா