தர்ஷினி எழுதி வைத்த வார்த்தை

செவ்வாய், இரவு.

திருப்பாதிரிப்புலியூரில் பிள்ளைகளுக்கான கவுன்சிலிங்கை முடித்துத் திரும்பி, குளித்து, சாப்பிட்டும் ஆயிற்று. தர்ஷினியின் நோட்டு கண்ணை விட்டுப் போகவில்லை.

ராணுவத்தில் அடிபட்டு வீட்டுக்கு வந்துவிட்ட தன் அப்பா தூக்கத்தில் கத்துவதை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில், ஒரே வார்த்தையாக: பானிப்பிலாதோ.

"இது கெட்ட வார்த்தையா மிஸ்? அப்பா என்னைத்தான் திட்டுறாரா?"

மூன்று மாதமாகக் கவுன்சிலிங்குக்கு வந்தும் வாயே திறக்காத பிள்ளை. கேட்டுவிட்டாளே என்ற அவசரம் எனக்கு. இந்தி கொஞ்சம் தெரியும் என்ற மிதப்பு வேறு.

"இல்லடா. குடிக்கத் தண்ணி குடுன்னு அர்த்தம்."

"பானிபூரில வர்ற பானியா?" சிரித்தேவிட்டாள். "அப்ப நானே குடுத்துடறேன் மிஸ்."

அழைத்துப்போக வந்த அவள் அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"தண்ணி கேட்டது அவரு இல்ல மேடம். கூட அடிபட்டுக் கெடந்தவரு. இவரால எழுந்து போயி குடுக்க முடியல. அவரு கேட்டதையேதான் இவரு சொல்லிக்கினு இருக்காரு."

முதலில் இந்த அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. இனி அந்தப் பிள்ளையிடம் எதைச் சொல்வது?

அதற்குள் தர்ஷினி வாசல் குழாயில் வாட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓடி வந்தாள். மூடியை இறுக்கி என்னிடம் காட்டினாள்.

"ராத்திரிக்கு இது போதுமா மிஸ்?"

போதும் என்றேன்.