கண்ணாடிக்குள் ஒரு பச்சை ஸ்வெட்டர்

ஜனவரி 6
தலைவர் வாழ்ந்து, இப்போது நினைவில்லமாகிவிட்ட வீட்டில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். கூட்டுவது, துடைப்பது. தலைவருக்கு இருபது வருடம் கார் ஓட்டியவரின் மனைவி என்று கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் போய் மூன்று மாதம்தான் ஆகிறது. இங்கே தலைவரின் செருப்பு, மூக்குக்கண்ணாடி, சவரக் கத்தி எல்லாம் பத்திரம். என் வீட்டுக்காரர் துணிகளை மச்சினர் மூட்டை கட்டி எங்கேயோ கொடுத்துவிட்டார். ஒரு பொத்தான்கூட மிஞ்சவில்லை.

ஜனவரி 9
இன்றுதான் மாடி அறைக்கு அனுப்பினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை ஸ்வெட்டர்.

நான் பின்னியது!

இடது கை மட்டும் இரண்டு விரல் நீளம் அதிகம். "குரங்குக்கா பின்னினே?" என்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார் என் வீட்டுக்காரர். மலையில் நடந்த ஒரு கூட்டத்தில் தலைவர் குளிரில் நடுங்கினாராம். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். திருப்பிக் கேளுங்கள் என்றேன். "தலைவர் உடம்புல ஏறினதைப் போய்க் கேப்பாங்களாடி?"

கீழே அட்டை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "மனைவி தன் கையால் பின்னியது."

எந்த மனைவி?

ஜனவரி 10
வயிறு எரியுது.

ஜனவரி 17
அது நான் பின்னியது என்று இல்லப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "இன்னைக்கு ஸ்வெட்டரு, நாளைக்கு வீடே உன்னுதும்பியா?" என்றார். தலைவர் மனைவிக்கு வீடு முழுக்கப் புருஷன் இருக்கான். எனக்கு இது ஒண்ணு. அதுக்கும் அவ பேரா?

ஜனவரி 28
அவள் வந்தாள், தலைவர் மனைவி. கைத்தடி ஊன்றி மாடி ஏறி, நேராக அந்தப் பெட்டி முன்னால் நின்றாள். வேலை போனாலும் போகட்டும் என்று கேட்டுவிட்டேன்.

"இதை நீங்களா பின்னினீங்க?"

பொறுப்பாளர் பல்லைக் கடித்தார்.

"எனக்கு ஊசியே பிடிக்கத் தெரியாது," என்றாள். "அட்டை எழுதினவங்க என்னைக் கேக்கல. நானும் வாயைத் திறக்கல. எவ பின்னிக் குடுத்தாளோன்னு பதினஞ்சு வருஷமா வெந்துட்டிருக்கேன். உனக்குத் தெரியுமா? யாரு அவ?"

"நான்தாம்மா."

அவள் முகம் போன போக்கு! பதறிப்போனேன். "ஐயோ, தலைவருக்கு இல்லம்மா! எங்க வீட்டுக்காரருக்கு. உங்க டிரைவருக்கு." குளிரில் கழற்றிக் கொடுத்த கதையை, கை நீளத்தை, எல்லாம் கொட்டினேன்.

அந்த அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஸ்வெட்டரின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சிரித்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகவா அந்த மனுஷன் சாகிற வரைக்கும் முகம் குடுத்துப் பேசாம இருந்தேன்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் அழுதோம்.

"எடுத்துட்டுப் போ. இது இங்க இருந்தது போதும்," என்றார்.

பிப்ரவரி 2
நல்ல குளிர். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன்.

"என்னக்கா, தலைவரோடதையே மாட்டிக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார் வாசல் காவலாளி.

"எங்க வீட்டுக்காரரோடது," என்றேன்.